மூன்றாம் பால்

ஒரு நாளைக்கு ஆயிரத்து நானூறு.
பாளையங்கோட்டை டாக்டரம்மா
சீட்டின் அடியில் இரண்டு கோடு போட்டுக் கொடுத்தார்.
வி.கே.புரம் வருகிற வரை
பஸ்ஸில் அந்த எண்ணை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்,
கண்ணாடி வளையல் வாங்கி வருகிறவளைப் போல.

சமைப்பது நானில்லை.
மில் வேலையை விட்டு வந்த மறுவாரம்
அடுப்படியை எடுத்துக்கொண்டவர் இவர்.
நான் கோர்ட்டில் கட்டுகளுக்கு நம்பர் போடுகிறவள்.
என் வீட்டுக் குழம்புக்கு
நம்பர் போடத் தெரியவில்லை.

ஃபோனில் தேடினேன்.
பீட்சா இருக்கிறது, அதில் பதினாறு வகை.
சொதி இல்லை.
எள்ளுத் துவையல் இல்லை.
உளுந்தஞ்சோறு என்று அடித்தால்
'உளுந்த வடை, ஒன்று?' என்கிறது
காது கேளாத பந்திக்காரனைப் போல.

"எண்ணெ எவ்வளவு ஊத்துதிய?"
"ரெண்டு கரண்டி."
"எந்தக் கரண்டி?"
"கரண்டிதான்."
திரும்பிப் பார்க்கவில்லை.
நான் கேட்டது கணக்கு.
அவர் காதில் அது
புகார் மனுவாய்ப் போய் விழுந்தது.

அதோடு வாயால் கேட்பதை விட்டேன்.
அவர் ரேஷன் கடைக்குப் போன நேரம்
கரண்டியில் தண்ணீர் மொண்டு
இருமல் மருந்து மூடியால் அளந்தேன்.
முப்பத்தெட்டு மில்லி.
ரசத்தில் மிதக்கும் பொட்டுகளை எண்ணினேன்.
கத்தரிக்காயைத் தட்டின் ஓரம் சாய்த்து வைத்து
எது வழிகிறது எது நிற்கிறது என்று பார்த்தேன்.
"உப்புக் கூடிட்டோ?" என்றார்.
"இல்ல, நல்லாருக்கு" என்றேன்.
அதை எந்தப் பத்தியில் எழுதுவது?

சொதிக்குத்தான் ரொம்பப் பயந்தேன்.
ஞாயிறு தவறாது.
முழுத் தேங்காய், முருங்கைக்காய், உருளைக்கிழங்கு,
தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல்.
இரண்டு கரண்டிக்கு நானூற்று முப்பது என்று போட்டேன்,
குற்றத்தை ஒப்புக்கொள்கிறவள் மாதிரி மெதுவாக.

மூன்று மாதம்.
என் கணக்குப்படி தினம் ஆயிரத்தெண்ணூறுக்குக் குறையவில்லை.
எடை மிஷினோ நாலரை கிலோ போயிற்று என்கிறது.
வளையல் முழங்கை வரை ஏறுகிறது.
டாக்டரம்மா கைகொடுத்தார்.
கூட்டல் நேராகாத கட்டு வந்தால்
எனக்குத் தூக்கம் வராது.

அடுத்த ஞாயிறு தலைவலி என்று படுத்தேன்.
கதவிடுக்கில் அடுப்படி தெரியும்.

முதல் பால், கெட்டியாய்,
தனி டம்ளருக்குப் போனது.
இரண்டாம் பாலில் பாதி அதன் தலையில்.
மூன்றாவது பிழிந்தது
அரிசி களைந்த தண்ணீர் நிறத்தில் இருந்தது.
அதில்தான் காய் வெந்தது.
வெள்ளைக்கும் பதத்துக்கும்
பாசிப்பருப்பை மசித்து ஒரு கை கூடுதலாய்க் கரைத்தார்.
தாளிக்க எடுத்தது கரண்டியே இல்லை,
நெய்ச்சம்படத்துக் குட்டி ஸ்பூன்,
அதுவும் முக்கால்.

டம்ளர் அப்படியே நின்றது.
கொட்ட மனம் வரவில்லை போல.
கருப்பட்டியைத் தட்டிப் போட்டு
ஜன்னல் பக்கம் திரும்பி நின்று
மூன்று மடக்கில் குடித்தார்.
மீசையைத் துடைத்துக்கொண்டார்.

நீலச் சட்டை ஞாபகம் வந்தது.
வயிற்றுப் பக்கம் பொத்தான் தெறித்து
இரண்டு வாரமாய்த் தையல் டப்பாவில் கிடக்கிறது.
"துணி சுருங்கிட்டு" என்றிருந்தார்.

சாப்பிட உட்கார்ந்தோம்.
"முழுத் தேங்கா போட்டிருக்கேன்,
கணக்குல எழுதிக்கோ."
எழுதினேன்.
நானூற்று முப்பது.

அவர் அசந்து தூங்கிய பிறகு
பொத்தானை எடுத்து
அரை விரல் தள்ளித் தைத்தேன்.
பல்லால் நூலை அறுக்கையில்
கருப்பட்டி நினைவுக்கு வந்தது:
ஒரு துண்டா, ரெண்டா?
எத்தனை கிராம் இருக்கும்?